பாறையோடு வாழும் மீன்கள்

வலை மீனைத் தரும். அது எந்தக் கல்லிடுக்கில், எந்த ஆழத்தில் வாழ்ந்தது என்பதைத் தராது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் அதை அறிய ஆளே உள்ளே இறங்க வேண்டியிருந்தது. ஆன்டனி ரிப்பிங்க் குழுவினர் அப்படித்தான் முக்குளித்துப் பார்த்தார்கள். 1983-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வை இன்றும் வியந்து படிக்கிறேன்.

இந்த வேலைக்கு முதுகில் காற்று உருளையும் கையில் நீருக்குள் எழுதும் பலகையும் பென்சிலும் வேண்டும். மீதியெல்லாம் பொறுமை. மூச்சை நிதானமாக விட்டு ஓரிடத்தில் நிலைத்தால், ஒளிந்த மீன்கள் வெளியே வந்து தம் பாட்டுக்கு மேயத் தொடங்கும். அலை மோதும் ஆழமற்ற பாறைகளில் லேபியோட்ரோஃபியஸ் மீன் பாசியைச் சுரண்டுகிறது. அதன் வாய் கீழ்நோக்கி அமைந்திருப்பதால் உடலைப் பாறையோடு படிய வைத்தே மேய முடிகிறது. அலை அதை எளிதில் புரட்டுவதில்லை. என்ன அழகான பொருத்தம்! இன்னும் கீழே, வண்டல் படிந்த கற்களில், கூட்டமே வேறு.

பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ம்புனா எனப்படும் இம்மீன்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. முக்குளிப்பவர் எளிதாக நீந்திக் கடக்கும் மணல்வெளி அவற்றுக்குப் பெருந்தடை. அதனால்தான் அருகருகே உள்ள பாறைத்திட்டுகளில்கூட ஒரே இனம் வெவ்வேறு நிறங்களில் திரிகிறது.