மொனீர் ஃபர்மான்ஃபர்மாயனின் கண்ணாடிக் கலை: பெயரும் பட்டறையும்

ஈரானின் கஸ்வின் நகரில் 1922இல் பிறந்த மொனீர் ஷாரூதி ஃபர்மான்ஃபர்மாயனைப் ‘பன்முகக் கலைஞர்’ எனக் குறிப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். ஓவியம், விளம்பர வரைகலை, கண்ணாடிப் பதிப்பு, ஒட்டுச்சித்திரம் எனப் பல துறைகளில் இயங்கியவராதலின் இது பொருந்துவதே. ஆயினும், இப்பன்முகத்தன்மை யாருடைய துணையால் இயன்றது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் நியூயார்க் சென்ற மொனீர், பார்சன்ஸ் கல்லூரியில் பயின்றபின் பான்விட் டெல்லர் அங்காடிக்கு விளம்பரப் படங்கள் வரைந்தார். ஆண்டி வார்ஹோலும் அங்குப் பணியாற்றியவரே. 1957இல் மொனீர் தாயகம் திரும்பினார். இப்பின்னணியைக் கொண்டு, அவருடைய பிற்கால வடிவியல் படைப்புகளை அமெரிக்க மினிமலிசத்தின் கிளையாகக் காண்போர் உளர். இது அரைகுறை விளக்கமே.

ஷீராஸ் நகரின் ஷா சிராக் அடக்கத்தலமே அவருக்குத் திருப்புமுனையாயிற்று. சுவரும் விதானமும் கண்ணாடிச் சில்லுகளாய் ஒளிரும் அவ்விடத்தில் அவர் கண்ணீர் வடித்தார். அன்று உடனிருந்தவர்களுள் ஒருவர் மினிமலிசச் சிற்பி ராபர்ட் மோரிஸ் என்பது சுவையான செய்தி! அதன்பின் மொனீர் நாடியது ஹாஜி உஸ்தாத் முகம்மது நவீத் என்னும் கண்ணாடிக் கைவினைஞரை. சதுரம் நான்கு திசைகள், ஐங்கோணம் ஐம்புலன்கள், அறுகோணம் மேல் கீழ் உள்ளிட்ட ஆறு திசைகள் என வடிவத்தை எண்ணோடும் பொருளோடும் இணைக்கும் பாரசீக மரபே அவர் படைப்புகளின் இலக்கணம். நியூயார்க்கில் அதனைக் கற்றிருக்க இயலாது.

1979ஆம் ஆண்டுப் புரட்சியின்போது நியூயார்க்கிலிருந்த மொனீர் கால் நூற்றாண்டுக் காலம் அங்கேயே தங்க நேர்ந்தது. ஈரானில் அவர் சேகரித்திருந்த நாட்டார் கலைப்பொருள்கள் பறிமுதலாயின. இக்காலத்தில் உரிய கண்ணாடியும் கைவினைஞரும் கிட்டாமையால் கண்ணாடிப் பணி ஏறத்தாழ நின்றுபோயிற்று. 2004இல் தெஹ்ரான் திரும்பிப் பழைய கைவினைஞர் சிலரோடு மீண்டும் இணைந்த பின்னரே பெரும்படைப்புகள் தொடர்ந்தன. பட்டறையின்றி இக்கலை இல்லை என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை.

இதனால் மொனீரின் தகுதி குறைவதன்று. கட்டடத்தோடு ஒட்டிக் கிடந்த கலையைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தனித்து நிற்கும் படைப்பாக்கிய துணிவு அவருடையதே. எனினும், படைப்பாளராக அவர் ஒருவரையே குறிக்கும் வழக்கம் நவீதுக்கு நீதி செய்வதாகாது. தெஹ்ரானில் அவர் பெயரால் 2017இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுவோரும் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பட்டறையின் துணையின்றி மொனீர் தனித்து இயங்கிய இடத்தைக் காண விரும்புவோர், 1991இல் கணவர் மறைந்தபின் அவர் செய்த ‘மனவேதனை’ப் பெட்டிகளை நோக்கலாம். பழைய நிழற்படங்கள், துணித்துண்டுகள், சிறு நினைவுப்பொருள்கள் ஆகியவற்றால் ஆனவை அவை. 2015இல் குகன்ஹைம் நடத்திய பெருங்கண்காட்சி, கண்ணாடிப் படைப்புகளையும் வரைவுகளையுமே தன் தலைப்பில் ஏற்றது. இப்பெட்டிகள் தனி ஆய்வுக்குரியவை.