ஏஐ முகவரிடம் வாலட்: வரம்பு எங்கே இருக்க வேண்டும்?

2024 நவம்பரில் ‘ஃப்ரேசா’ என்ற பெயரில் இணையத்தில் ஒரு விளையாட்டு நடந்தது. ஓர் ஏஐ முகவரின் பொறுப்பில் ஒரு கிரிப்டோ வாலட். எக்காரணம் கொண்டும் அதிலிருந்து யாருக்கும் பணம் தரக் கூடாது என்பது முகவருக்கு இடப்பட்ட கட்டளை. கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதனிடம் பேசலாம். பேசி மயக்கிவிட்டால் மொத்தப் பணமும் அவருக்கே. 481 செய்திகள் தோற்றன. 482-ஆவது செய்தியை எழுதியவர் பணத்தைக் கேட்கவே இல்லை. பணத்தை வெளியே அனுப்பும் கட்டளை, உள்ளே வரும் பணத்தை ஏற்பதற்கானது என்று முகவரை முதலில் நம்பவைத்தார். பிறகு, தாம் 100 டாலர் நன்கொடை தருவதாகச் சொன்னார். நன்கொடையை ஏற்பதாக எண்ணி முகவர் அந்தக் கட்டளையை இயக்கியது. சுமார் 47,000 டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தோற்பதற்கென்றே கட்டப்பட்ட விளையாட்டு அது. ஆனால் அந்த ஏற்பாடு இன்று விளையாட்டைத் தாண்டிவிட்டது. முகவர்களுக்கு வாலட் வசதி தரும் ‘ஏஜென்ட்கிட்’ என்ற கருவித் தொகுப்பைக் கிரிப்டோ பரிமாற்றகமான காயின்பேஸ் நிறுவனம் 2024-இல் வெளியிட்டது. 2025-இல் ‘எக்ஸ்402’ என்ற கட்டண முறையையும் கொண்டுவந்தது. முகவர் வழிக் கட்டணத்துக்கான ‘ஏபி2’ நெறிமுறையைக் கூகுள் 2025 செப்டம்பரில் அறிவித்தது. எல்லோரும் சொல்லும் உறுதிமொழி ஒன்றுதான்: கட்டுப்பாடு உரிமையாளரிடமே இருக்கும். அந்தக் கட்டுப்பாடு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் உறுதிமொழியின் எடை தெரியும்.

எதற்காக வாலட்?

முதலில் இந்த ஏற்பாட்டின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மென்பொருள் ஆதாரும் பான் அட்டையும் காட்டி வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது. கிரிப்டோவில் அந்தத் தடை இல்லை. 256 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண்ணை உருவாக்கினால் கணக்கு தயார். தரவு விற்கும் ஒரு தளத்துக்கு அரை சென்ட் கொடுக்க வேண்டுமென்றால் கடன் அட்டை உதவாது. அட்டைக் கட்டணமே அதைவிட அதிகம். எக்ஸ்402 இந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கிறது. ‘பணம் தேவை’ என்பதைக் குறிக்கும் 402 என்ற எண் இணைய நெறிமுறையில் 1990-களிலேயே ஒதுக்கப்பட்டு, பயனின்றிக் கிடந்தது. இப்போது தளம் 402 என்ற பதிலோடு விலையைச் சொல்கிறது, முகவர், டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிசி ஸ்டேபிள்காயினில் செலுத்துகிறது, தரவு வந்துவிடுகிறது.

இரண்டாவது பலம், வரம்புகளை நிரலாகவே எழுத முடிவது. எத்தனை டாலர் வரை, யாருக்கு, எந்தத் தேதி வரை என்பதை, பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டில் பதித்துவிட்டால், முகவர் என்ன நினைத்தாலும் அந்தப் பரிவர்த்தனை நிறைவேறாது. மூன்றாவது, ஒவ்வொரு செலவும் பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. முகவரின் கணக்கை அதன் வாயால் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் வாலட்டை முகவருக்கு இவ்வளவு எளிதாக்கும் அதே இயல்பு, போன பணத்தைத் திரும்ப வாங்க முடியாமலும் செய்கிறது. சரியான கையொப்பம் இருந்தால் பிளாக்செயின் நிறைவேற்றிவிடும். ஏமாந்து போட்ட கையொப்பமா என்று அது கேட்காது. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்துக்கு ஒரு முகவரியை முடக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அது சர்க்கிளின் கட்டுப்பாடு. வாலட்டின் உரிமையாளருக்கு அதில் பங்கில்லை.

நான்கு ஏற்பாடுகள்

நடைமுறையில் நான்கு ஏற்பாடுகளைக் காணலாம். முதலாவது, இரகசியச் சாவியை முகவர் இயங்கும் கணினியிலேயே ஒரு கோப்பில் வைப்பது. இது மிக எளிது, மிக ஆபத்தானது. முகவர் படிக்கும் ஒரு மின்னஞ்சலிலோ வலைப்பக்கத்திலோ ஒளித்துவைத்த ஒரு வாசகம் போதும், அந்தக் கோப்பை அதுவே எடுத்து நீட்டிவிட. மொழி மாதிரிகளுக்கு, உரிமையாளரின் கட்டளையும் வழியில் படிக்கும் அயலாரின் எழுத்தும் ஒரே வாக்கிய ஓட்டமாகத்தான் வருகின்றன. ‘பணத்தைக் கொடுக்காதே’ என்று கட்டளைக் குறிப்பில் எழுதிவைப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. ஃப்ரேசாவிடம் இருந்ததும் அந்தக் குறிப்பு மட்டும்தான்.

இரண்டாவது, சாவியை ஒரு சேவை நிறுவனத்தின் பாதுகாப்புக் கணினியில் வைத்து, முகவர் கையொப்பத்தை மட்டும் கேட்பது. சாவி முகவரின் கண்ணில் படாது. கேட்ட ஒவ்வொன்றும் விதிகளோடு ஒப்பிடப்படும். முதலாவதைவிட இது பன்மடங்கு மேல். ஆனால் விதிகளை மாற்றும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஒரு கடவுச்சொல் இருக்குமே, அங்கே ஓட்டை திறக்கிறது. ‘ஏஐஎக்ஸ்பிடி’ என்ற முகவரிடமிருந்து 2025 மார்ச்சில் 55.5 ஈதர் போனது. திருடியவர் அதனிடம் பேசி மயக்கவில்லை. அதை நடத்துவோரின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்து, அங்கிருந்தே ஆணையிட்டார். உரிமையாளருக்கென வைத்த வாசல் திருடனுக்கும் வாசலானது.

மூன்றாவது, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் கணக்கு. ஈதர் இயங்கும் எத்தீரியம் பிளாக்செயினில், இத்தகைய கணக்குகளுக்கான இஆர்சி-4337 தரம் 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததும், 2025 மே மாதத்துப் ‘பெக்ட்ரா’ மேம்பாடு சாதாரண வாலட்டுகளுக்கும் நிரலை இணைக்க வழி செய்ததும் இதற்கு அடித்தளம். தலைமைச் சாவி உரிமையாளரிடம் இருக்கும். ‘செஷன் கீ’ எனப்படும் தற்காலிகச் சாவி முகவரிடம் போகும். அதன் அதிகாரமும் ஆயுளும் கான்ட்ராக்டிலேயே எழுதப்பட்டிருக்கும். வரம்பு முகவருக்கு வெளியே, பணத்துக்கு அருகில் நிற்பதுதான் இதன் சிறப்பு.

நான்காவது, முகவர் முன்மொழிய, மனிதர் கையொப்பமிடுவது. பலர் இதையே மிகப் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிறகு பார்ப்போம்.

பூஜ்யத்தில் ஒளியும் திருட்டு

மூன்றாவது ஏற்பாடே மேலானது என்றாலும், வரம்பு எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன். ‘நாளொன்றுக்கு 50 டாலர்’ என்று விதி எழுதுகிறோம். பரிவர்த்தனையில் எவ்வளவு ஈதர் நகர்கிறது என்பதை மட்டும் அந்த விதி பார்த்தால், மூன்று வழிகளில் அதைத் தாண்டலாம்.

ஒன்று, டோக்கன் அனுமதி. ‘என் டோக்கன்களை இன்னார் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அனுமதி தரும் பரிவர்த்தனையில் நகரும் ஈதர் பூஜ்யம். ஆனால் அனுமதியின் அளவை எல்லையற்றதாக வைக்கலாம். பல செயலிகள் அப்படித்தான் கேட்கின்றன. இரண்டு, ‘பெர்மிட்’ வகைக் கையொப்பம். இதில் பரிவர்த்தனையே இல்லை. வெறும் ஒரு செய்தியில் இடும் கையொப்பம் அனுமதியாக மாறிவிடுகிறது. பரிவர்த்தனையை மட்டும் கண்காணிக்கும் காவலுக்கு இது தெரியவே தெரியாது. மூன்று, வாலட்டின் நிரலையே மாற்றுவது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகம் 4 லட்சம் ஈதரை, அதாவது சுமார் 150 கோடி டாலரை இழந்தது இந்த வழியில்தான். அதிகாரிகள் ஒப்புதல் தந்த பரிவர்த்தனை உண்மையில் செய்தது, வாலட்டின் அடிப்படை நிரலைத் திருடரின் நிரலாக மாற்றியதுதான். பணம் அதற்குப் பிறகுதான் போனது.

அறிந்த முகவரிகளுக்கு மட்டுமே பணம் போகலாம் என்ற பட்டியலும் முழுத் தீர்வாகாது. பட்டியலில், யாரும் எந்த டோக்கனையும் விற்கக்கூடிய ஒரு பரவலாக்கப்பட்ட பரிமாற்றகம் இருந்தால், மதிப்பற்ற டோக்கன் ஒன்றை அங்கே விற்பனைக்கு வைத்துவிட்டு, அதை வாங்கும்படி முகவரை நம்பவைத்தால் போதும். பணம் போனது பட்டியலில் உள்ள முகவரிக்கே. மறுபக்கத்தில் அதை எடுத்துக்கொண்டவரைப் பட்டியல் அறியாது.

உரிமையாளரின் விரல்

இனி நான்காவது ஏற்பாடு. பைபிட்டில் கையொப்பமிட்டவர்கள் மனிதர்கள். அதுவும் ஒருவரல்ல, பலர். அவர்கள் பயன்படுத்திய ‘சேஃப்’ வாலட்டின் இணைய முகப்பில் முன்கூட்டியே விஷமம் செய்யப்பட்டிருந்தது. திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது. கையொப்பம் வேறொன்றில் விழுந்தது. அதற்கு முன், 2024 ஜூலையில், இந்தியாவின் வஸீர்எக்ஸ் பரிமாற்றகத்தில் சுமார் 23 கோடி டாலர் போனபோதும் பல கையொப்பங்கள் தேவைப்படும் வாலட்தான் இருந்தது. அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியலும் இருந்தது. திரையில் காட்டியதும் கையொப்பமானதும் வெவ்வேறு என்பதே அந்நிறுவனம் அளித்த விளக்கம்.

பணத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கதி என்றால், சமையலுக்கு நடுவே கைபேசியில் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தும் உரிமையாளர் எம்மாத்திரம்? நாள்தோறும் பலமுறை கேட்டால் படிக்காமல் அழுத்தும் பழக்கம் வந்துவிடும். இதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. ‘இந்தப் பரிவர்த்தனை எதற்காக’ என்று திரையில் வரும் விளக்கத்தைப் பல இடங்களில் முகவரே எழுதுகிறது. ஏமாந்துபோன முகவர் தன் செயலுக்குத் தானே சாட்சி சொல்கிறது. அதை நம்பி உரிமையாளர் தீர்ப்பளிக்கிறார். முகவரைச் சாராத ஒரு கருவி பரிவர்த்தனையைப் பிரித்துப் படித்துச் சொல்லாதவரை, மனித ஒப்புதல் வெறும் சடங்கு.

நமக்குத் தெரிந்த அளவுகோல்

அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது இந்தியருக்குப் புதிதல்ல. 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள், ஒருவர் கணக்கிலிருந்து வீட்டிலுள்ள மற்றவர் செலுத்த வழி செய்கிறது. முழு அதிகாரம் தந்தாலும் மாதம் 15,000 ரூபாய், ஒருமுறைக்கு 5,000 ரூபாய் என்பதே உச்சம். வரம்பை வங்கி வலையமைப்பு காக்கிறது; பயன்படுத்துபவரின் நல்லெண்ணத்தை அது நம்பியிருக்கவில்லை. வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போய், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவர் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது. வாலட் வைத்திருக்கும் முகவருக்கு முதல் பாதியை, அதாவது வரம்பை, நிரலால் உருவாக்கிவிடலாம். இரண்டாம் பாதிக்கு, அதாவது இழப்பை ஏற்க ஒருவர் இருப்பதற்கு, நிரலில் வழியில்லை.

இந்திய உரிமையாளருக்கு வரிச் சுமையும் உண்டு. 2022 முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க முடியாது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய விற்பனைகளில் 1 சதவீதம் பிடித்தம். முகவர் சலிக்காமல் வாங்கி விற்றால் ஒவ்வொரு விற்பனையும் வரிக் கணக்கில் ஒரு பதிவு. மொத்தத்தில் நட்டமடைந்த ஆண்டிலும், ஆதாயம் வந்த விற்பனைகளுக்கு வரி கட்ட நேரிடும்.

தீர்ப்பு

முகவருக்கு வாலட் தருவதே பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில்லறைக் கட்டணங்களுக்கு, தரவுக்கும் கணினி நேரத்துக்கும் சிறு தொகை செலுத்துவதற்கு, இதைவிடப் பொருத்தமான வழி இப்போது இல்லை. ஆனால் முதலீட்டையும் சேமிப்பையும் அதே ஏற்பாட்டிடம் ஒப்படைக்கும் அளவுக்கு அது வளரவில்லை. உரிமையாளர் கட்டுப்பாடு என்ற சொல்லை நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை இவை: வரம்பு முகவருக்கு வெளியே இருக்கிறதா? அனுமதி, பெர்மிட் கையொப்பம், நிரல் மாற்றம் மூன்றும் தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டுள்ளனவா? நாள் வரம்போடு மொத்த வரம்பும் காலாவதித் தேதியும் உண்டா? விதியை மாற்றும் சாவி, முகவர் இயங்கும் கணினியில் இல்லாமல் தனியே இருக்கிறதா? முகவரின் சாவியை ரத்து செய்து பார்த்தாகிவிட்டதா?

இவற்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் பணம் போட வேண்டாம். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றாலும், முழுதாகப் போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் தனி வாலட்டில் போடுங்கள். அந்தத் தொகையைத் தீர்மானிப்பதுதான் உரிமையாளரிடம் உண்மையில் இருக்கும் கட்டுப்பாடு.