பாட வைத்த விரல்கள்

ஜேம்ஸ் கிளீவ்லாண்டின் குரல் கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போகிற குரல் அல்ல. கரகரத்த, அடித்தொண்டையிலிருந்து தள்ளி வரும் குரல். மஹாலியா ஜாக்சன், மேரியன் வில்லியம்ஸ் என்று குரலுக்காகவே கொண்டாடப்பட்டவர்கள் காஸ்பெல் என்ற கிறிஸ்தவ வழிபாட்டு இசையில் நிறையப் பேர் உண்டு. அந்த வரிசையில் நிறுத்தினால் இவர் எடுபட மாட்டார். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒரு பெரிய பாடகர் குழு எழுந்து நின்று பாடும்போது இன்றைக்கும் நம் காதில் விழுவது பெரும்பாலும் இவர் வார்த்துக் கொடுத்த வடிவம்தான். பியானோ வாசித்தார், பாட்டு எழுதினார், குழுக்களைப் பழக்கினார், தன் சபையில் பிரசங்கம் செய்தார். எனக்கு இவை தனித்தனி வேலைகளாகத் தெரிவதில்லை. அடுத்தவர் வாயிலிருந்து பாட்டை வரவழைப்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரே வேலை.

1931-இல் சிக்காகோவில் பிறந்தவர். வீட்டில் பியானோ வாங்க வசதியில்லை. ஜன்னல் விளிம்பையே கட்டைகளாகப் பாவித்து விரலை ஓட்டிப் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். இது வறுமைக் கதையாகத்தான் எங்கும் எழுதப்படுகிறது. எனக்கோ இதில் ஒரு இசைச் செய்தி இருப்பதாகப் படுகிறது. சத்தமே வராத கட்டையில் பழகுகிறவன் ஒவ்வொரு சுரத்தையும் முதலில் மனதுக்குள் கேட்டாக வேண்டும். தேவையில்லாத சுரத்தைத் தொடாத பழக்கம் அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

சிறுவனாக அவர் பாடியது பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயத்தில். அங்கே இசைக்குப் பொறுப்பு தாமஸ் டோர்சி. டோர்சி ஒரு காலத்தில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தவர், ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். ப்ளூஸின் கார்டுகளையும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களையும்) ஆட்டத்தையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது பழைய சபைகள் பல முகம் சுளித்தன. கேளிக்கை விடுதியின் சத்தம் கர்த்தரின் வீட்டில் எதற்கு என்று கேட்டார்கள். அந்தச் சண்டை அடங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் சிறுவன் ஜேம்ஸ் அங்கே வளர்ந்தான். அவனுக்கு ஆதர்சம் ராபர்ட்டா மார்ட்டின். அவருடைய பியானோவில் அலட்டல் கிடையாது. பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பதில் வரும், அவ்வளவுதான். பின்னாளில் கிளீவ்லாண்டின் பாட்டுகளை வாங்கி அச்சிட்டவரும் அவரே.

கிளீவ்லாண்டின் பியானோவை எப்படிக் கேட்பது? மெட்டைத் தேடிக் கேட்டால் ஏமாற்றம்தான். பாடுகிறவர் பாடும்போது அவர் பெரும்பாலும் மெட்டைத் தொடுவதில்லை. இடது கை கீழ் ஸ்தாயியில் ஒரே சுரத்தை இரட்டிப்பாக அழுத்தி நடக்கும். வலது கை நிறைந்த கார்டுகளாக விழும். தாளம் மெதுவாக இருக்கும். ஒவ்வொரு அடியும் உள்ளுக்குள் மூன்றாகப் பிரிந்து உருளும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நேரே போகாமல் நடுவில் ஒரு கலங்கிய கார்டை, சட்டென வந்து மறைவதாக, வைப்பார். அடுத்து வருவது இனிக்க வேண்டுமானால் முன்னால் கொஞ்சம் கலக்கம் வேண்டும் என்று அறிந்த கை அது. பக்கத்தில் ஹாமண்ட் ஆர்கன் இருக்கும். ஆர்கன் சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்க, பியானோ தட்டி நடத்தும். ஒன்று மிதக்கும் நேரத்தில் மற்றது மிதந்தால் பாட்டு சகதியாகிவிடும். இந்த ஒப்பந்தம் தெரியாத கலைஞர்கள் எத்தனையோ நல்ல பாட்டுகளைச் சகதியாக்கியிருக்கிறார்கள்.

பாட்டின் கடைசிப் பகுதியில் சின்ன வரி ஒன்று, சில சமயம் ஒரே சொல், திரும்பத் திரும்ப வரும். குழு அதையே பாடிக்கொண்டிருக்க, தனிக்குரல் அதன் மேல் ஏறி இறங்கும். கர்நாடகக் கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. நிரவலில் வரியைப் பிரித்துப் பார்க்கிறவர் வித்வான். இங்கே அந்தப் பிரிப்பில் சபையே கலந்துகொள்கிறது. எப்போது நிறுத்துவது, எப்போது ஒரு படி மேலே ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பது பியானோவில் உட்கார்ந்திருக்கும் மனிதர். கிளீவ்லாண்ட் சபையின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவர். இசைக்காரரும் போதகரும் அவருக்குள் ஒருவராகவே இருந்தார்கள் என்று நான் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான். கறுப்பினப் பாப்டிஸ்ட் பிரசங்கம் முடியப்போகும்போது பேச்சு தானாகச் சுருதிக்குள் போகும், ஆர்கன் அதற்குப் பதில் சொல்லும். அந்த மரபில் வந்தவருக்குப் பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கத் தேவையே இல்லை.

1963 செப்டம்பரில் நியூஜெர்சியில் அவர் ஏஞ்சலிக் கொயருடன் ‘பீஸ் பி ஸ்டில்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். நட்லி என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் சபைக் குழு அது. லாரன்ஸ் ராபர்ட்ஸ் அதன் போதகர். படகில் இயேசு உறங்க, சீடர்கள் புயலுக்கு அஞ்சி அவரை எழுப்பும் மாற்கு சுவிசேஷக் காட்சிதான் பாட்டு. வரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய கீதத்தினுடையவை. கிளீவ்லாண்ட் அதை ஏறக்குறைய பேச்சாகவே தொடங்குகிறார். குழு முணுமுணுப்பிலிருந்து முழுக்குரலுக்குப் படிப்படியாக ஏறுவதில்லை, ஒரே எட்டில் தாவுகிறது. தாவிய வேகத்தில் திரும்ப அடங்குகிறது. புயலைச் சொல்லிக் காட்டாமல் குரலின் அளவிலேயே காட்டிவிடுகிறார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இனவெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றது அதே வாரத்தில்தான். அந்தக் குழுவில் யார் மனதில் என்ன ஓடியது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. பதிவைக் கேட்கும்போது அந்தத் தேதியைத் தள்ளிவைக்கவும் என்னால் முடிவதில்லை.

ஆசிரியர் கிளீவ்லாண்டைப் பற்றிப் பேசினால் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினிடம் வராமல் இருக்க முடியாது. டெட்ராய்ட்டில் அரீத்தாவின் தந்தை சி. எல். ஃபிராங்க்ளினின் நியூ பெத்தேல் தேவாலயத்தில் இளைஞர் கிளீவ்லாண்ட் இசைப் பொறுப்பில் இருந்தார், சில காலம் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். முறையாகப் பியானோ கற்றுக்கொடுக்க வீட்டுக்கு வந்தவரைக் கண்டால் சிறுமி அரீத்தா ஒளிந்துகொள்வாராம். கிளீவ்லாண்ட் வாசிப்பதைப் பார்த்தும் கேட்டும் கார்டுகளைப் பிடித்துக்கொண்டார். இதைப் பாடம் என்று பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிற்பாடு காதால் கற்கும் அந்த முறையையே கிளீவ்லாண்ட் பெரிதாக்கினார். 1967-இல் அவர் நிறுவிய அமெரிக்க காஸ்பெல் இசைப் பட்டறையின் முதல் மாநாடு 1968-இல் டெட்ராய்ட்டில் நடந்தது. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் சில நாட்களில் புதுப்பாட்டைக் கற்றுப் பெருங்குழுவாகப் பாடுவார்கள். காஸ்பெல் குழுக்கள் கற்பது பெரும்பாலும் காதால்தான். நடத்துகிறவர் சொப்ரானோவின் வரியைப் பாடிக் காட்டுவார், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பிறகு ஆல்ட்டோ, பிறகு டெனர். மூன்றும் சேரும் அந்த முதல் தடவைக்காகவே ஒத்திகைக்கு வருகிறவர்கள் உண்டு.

1972 ஜனவரி 13, 14 இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரீத்தா ‘அமேசிங் கிரேஸ்’ தொகுப்பைப் பாடினார். உலகப் புகழ் பெற்று, வழிபாட்டுப் பாட்டுக்குத் திரும்பிவந்த மாணவி. பியானோவிலும் நிகழ்ச்சியை நடத்துவதிலும் பழைய ஆசான். பின்னால் அவருடைய தென் கலிபோர்னியா கம்யூனிட்டி கொயர், அதை நடத்த அலெக்ஸாண்டர் ஹாமில்டன். படம் பிடித்த சிட்னி போலாக் கிளாப் பலகை இல்லாமலே எடுத்துவிட்டார். ஒலியையும் படத்தையும் பொருத்த முடியாமல் கிடந்து, படம் 2018-இல்தான் வெளியே வந்தது. அதில் என் கண் அரீத்தாவை விட்டு அடிக்கடி கிளீவ்லாண்டிடம் போய்விடுகிறது. வேடிக்கையாகப் பேசிச் சபையைத் தளர்த்துகிறார், ஒரு தலையசைப்பில் கொயரை எழுப்புகிறார். தலைப்புப் பாட்டில் அரீத்தா தாளத்தை விட்டு ஒவ்வொரு சொல்லையும் நீட்டிக்கொண்டே போக, இவர் பியானோவை விட்டு எழுந்துபோய், கைக்குட்டையில் முகம் புதைத்து அழுகிறார். ஹாமில்டன் உட்கார்ந்து தொடர்கிறார். பாட்டு நிற்கவில்லை, ஏனென்றால் இப்படிப்பட்ட நேரத்தில் நிற்காதபடிதான் அந்தக் குழு பழகியிருந்தது.

குறையும் உண்டு. அவர் பெயரில் வந்த இசைத்தட்டுகள் ஏராளம். பலவற்றில் அதே தொடக்கப் பேச்சு, அதே உச்சம், அதே முடிவு. பின்னாள் பதிவுகளில் குரலும் களைத்துவிட்டது. 1981-இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்கப்பட்ட முதல் காஸ்பெல் கலைஞர் என்ற பெருமை வந்தபோது அவருடைய சிறந்த வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கார்னர்ஸ்டோன் சபையின் போதகராகவே இருந்து 1991 பிப்ரவரியில் மறைந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் அரீத்தாவுடன் அவர் சேர்ந்து பாடும் ‘பிரெஷஸ் மெமரீஸ்’ பாட்டில் தொடங்கலாம். இரண்டாவது முறை கேட்கும்போது குரல்களை விட்டுவிட்டு பியானோவின் இடது கையை மட்டும் பின்தொடருங்கள்.