இரைச்சலைக் கேட்டே நோயைச் சொல்லும் காது

ஒயர்லெஸ் மைக் மக்கர் செய்தால் சபை முழுக்க மிக்ஸர் பக்கம் திரும்பி முறைக்கும். கை தேர்ந்த ஒலிக்காரர் அப்போது எந்தத் திருகையும் தொடமாட்டார். காதைக் கொடுப்பார். ஆக்லாந்தின் மேற்கே, மாசி வட்டாரத்துக் கூடங்களில் நம்மவர் விழா நடக்கும்போதெல்லாம் மேடையைவிட அவரைத்தான் நான் அதிகம் ரசிப்பேன்.

சரக் சரக்கென்றால், காலர் மைக்கில் சரிகையோ மாலையோ உரசுகிறது. விடாமல் 'ஸ்ஸ்' என்றால், மைக்கில் கெயினைக் குறைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் ஏற்றியிருக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை அறுந்தால், பாடகர் மைக்கின் அடிப்பகுதியைப் பொத்திப் பிடித்திருக்கிறாரா என்று பார்ப்பார். பல கைமைக்குகளில் ஆன்டெனா இருப்பது அங்கேதான். பாவம், பேட்டரி செய்யாத குற்றத்துக்கும் திட்டு வாங்கும்.

மாலையில் சோதித்தபோது சுத்தமாக இருந்த மைக், கூட்டம் நிறைந்ததும் ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது? 600 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் அரை மீட்டர். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்; அந்த அலையை உறிஞ்சிவிடும். அதனால் ரிசீவரை மேசைக்கு அடியில் ஒளித்துவைக்காமல், ஆன்டெனாக்கள் தலைகளுக்கு மேலே தெரியும்படி தூக்கி வைப்பார்.

என்னை வியக்கவைப்பது அவர் அலைவரிசை பிரிக்கும் அழகு. 520, 522, 524 என்று சம இடைவெளியில் மூன்று மைக்குகளை வைத்தால் அடிதடிதான். முதல் இரண்டும் கலந்து 524-இலேயே ஒரு போலி அலையைப் பிறப்பிக்கும். மூன்றாவதை 525-க்குத் தள்ளினால் தகராறு தீர்ந்தது. தாளத்தில் அரை இடம் தள்ளி எடுப்பதுபோல, அந்தக் கோணலில்தான் சுகம். அதற்கும் முன்னால் காலியான இடத்தை ஸ்கேன் செய்து தேட வேண்டும்: வைட்டாகெரே மலைத்தொடரில் வையாடருவா கோபுரம் நிற்கிறது, டி.வி. ஒளிபரப்பும் இதே யு.எச்.எஃப். வீதியில்தான் போகிறது.

அனலாக் டி.வி. 2013 டிசம்பரில் இங்கே நின்றதும், 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 4ஜி கைபேசிக்குப் போனது. 2015 மார்ச் முதல் அந்தப் பட்டையில் ஒயர்லெஸ் மைக் பயன்படுத்துவது நியூசிலாந்தில் சட்டவிரோதம். ஊரிலிருந்து மலிவாக மைக் செட் வாங்கிவர நினைப்பவர்கள், விலையைப் பார்க்கும் முன் அதில் ஒட்டியிருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.