பழைய துயரமும் நமது ஈகையும்

போரினால் வீடிழந்த குடிமக்களுக்கு உதவுவது குறித்து நமது ஏடுகளிலும் மேடைகளிலும் பேச்செழும்போது பொஸ்னியா, காஸா, சிரியா ஆகிய பெயர்கள் வருகின்றன. வரவேண்டியவைதாம். ஆனால் நமது குமரி மாவட்டத்திலேயே பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தோரின் முகாம்கள் உள்ளன. இவற்றின் பெயரை நமது ரமலான் மாத வேண்டுகோள்களில் நாம் அரிதாகவே காண்கிறோம்.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, முகாமினரில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதார். ஸகாத் அவர்களுக்கு ஆகாது என்பது. ஸகாத்தைப் பொறுத்தவரை பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்து அதுவே, மறுக்கவில்லை. எனினும் ஈகையின் எல்லை ஸகாத்தோடு முடிந்துவிடுகிறதா? ஸதகாவுக்கு அத்தடை இல்லை. ஏழை, அநாதை ஆகியோரோடு கைதிக்கும் உணவளிப்போரைக் குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் போற்றுகிறது. அன்றைய மதீனாவில் கைதி என்றால் பெரும்பாலும் எதிர்த்துப் போரிட்டவன்தான். இரந்து நின்ற யூத முதியவர் ஒருவருக்கு உமர் (ரலி) பைத்துல்மாலிலிருந்து வழங்கச் செய்ததை இமாம் அபூயூசுஃப் தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார். சட்டம் திறந்து வைத்த கதவை நமது வழக்கம் சாத்தி வைத்திருக்கிறது.

இரண்டாவது காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை, ஆயினும் வலுவானது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் விரட்டினர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. இந்த நினைவை மறக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அக்குற்றத்தைப் பழவிளையில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுமியின் கணக்கில் எழுதுவது எந்த நீதி? அவளுடைய பெற்றோரும் அதே போரில் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள்தாமே.

விரட்டப்பட்ட வடபுல முஸ்லிம்களின் அனுபவம் நமக்கு வேறொன்றையும் காட்டுகிறது. முதலில் அவர்களுக்குச் சோறிட்டவர்கள் புத்தளத்து மக்கள். ஆண்டுகள் நீள நீள நிலம், வேலை, பள்ளியிடம் ஆகியவற்றில் அவ்விருசாராரிடையே கசப்பு விளைந்தது. 2009இல் போர் முடிந்தபின் உதவி நிறுவனங்கள் இவர்களைப் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்று வகைப்படுத்தின. உதவியோ பெரும்பாலும் ‘புதியோரை’ நோக்கியே சென்றது. துயரத்துக்கு வயதாகிவிட்டால் அது துயரமாகத் தோன்றுவதில்லை போலும்! நாமும் அதே அளவுகோலைத்தான் கையாள்கிறோம். தொலைக்காட்சி காட்டும்வரை கொடுக்கிறோம்.

குமரியின் முகாம்களும் அவ்வாறு பழையவையே. இலங்கையிலிருந்து அகதிகள் தமிழகத்துக்கு வரத் தொடங்கியது 1983இல். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றி, மாதாந்தப் பணக்கொடையையும் உயர்த்தியது. ஆகவே அங்கு இன்றைய தேவை அரிசி மூட்டையும் அதனோடு எடுக்கும் புகைப்படமும் அல்ல. 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தவர்க்குப் பிறப்பு மட்டுமே குடியுரிமை தருவதில்லை. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியதற்காக நாம் வீதிக்கு வந்தோம். அதே சட்டம் இலங்கைத் தமிழரையும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை எத்தனை மேடைகளில் சொன்னோம்? நம்மிடையே வழக்கறிஞர்கள் உள்ளனர். நம்மவர் நடத்தும் கல்லூரிகள் இம்மாவட்டத்தில் உள்ளன. அவற்றில் முகாம் மாணவர் சிலருக்குக் கட்டணமின்றி இடம் ஒதுக்க எந்த ஃபத்வாவும் தேவையில்லை; நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.