அந்த ஆல்டோ முந்துகிறாரா?

ஆராதனை முடிந்து வாசலில் நின்று பாட்டை அலசும் நம்மவர்கள் எல்லாருக்கும் ஒரே குறை: அந்த ஆல்டோ முந்துகிறார். டிக்கோயாப் பக்கத்துப் பாடகர் குழு ஒன்றில் பாடுகிறவர் அவர், பெயர் வேண்டாம். அவர் முந்தவே இல்லை என்பது என் கட்சி.

ஆங்கிலிக்கன் சபைகளில் சங்கீதம் பாடும் மெட்டான ஒற்றைச் சாண்டில் பத்துச் சுரம். முதல் பாதிக்கு நான்கு, மறுபாதிக்கு ஆறு என்பது உங்களுக்குத் தெரியும். சங்கீத வசனத்தின் பெரும்பகுதி ஒரே சுரத்தில் ஓடும். அதை விட்டு எந்த இடத்தில் நகர்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இங்கிலீஷில் அழுத்தம் விழும் இடம் பார்த்து நகர்வார்கள். தமிழில் குறில் நெடில்தான் கணக்கு.

'நடத்துகிறார்' என்று முடியும் வசனத்தைப் பாருங்கள். ந, டத், து, கி, றார்: ஐந்து துண்டு. கடைசியில் இருக்கும் சுரமும் ஐந்து. துண்டுக்கொரு சுரம் என்று வைத்தால் 'து'வும் 'கி'யும் நெடிலாக இழுபட்டுச் சொல் சிதையும். பல குழுக்கள் இதைத்தான் செய்கின்றன. இவர் முந்தின சொல்லின் நெடிலிலேயே நகர்ந்துவிடுகிறார். அதனால் 'துகி' ஒரே சுரத்தில் அடங்குகிறது, 'றார்' முழு நீளத்தோடு நிற்கிறது. ஆர்கன் பழைய இடத்திலேயே நிற்பதால் நமக்கு அவசரமாகக் கேட்கிறது.

வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாளம் தட்டிப் பாடிப் பழகிய காதுக்கு இந்தக் கணக்கு தானாக வரும். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழிவந்த தோட்டச் சபைகளுக்கு அந்தக் காது உண்டு. டிக்கோயா வார்லி தேவாலயம் எழுந்தது 1878இல். இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டின் பி பிளாட் ஆராதனை இசை மறு வருடம் வந்தது. அதன் கம்பீரத்துக்கு நானும் அடிமை. ஆனால் அது இங்கிலீஷ் நாக்குக்காகப் பிறந்த இசை. சிங்கள வழிபாட்டுக்குத் தேவார் சூரியசேன நாட்டார் மெட்டில் இசை அமைத்தார். தமிழ்ச் சங்கீதத்துக்கு அதே அக்கறையை இந்தப் பெண் வாராவாரம் காட்டுகிறார்.

வரும் டிசம்பர் கரோல் ஆராதனையில் கைகுலுக்கல் எல்லாம் உச்சத்தில் பாடும் சொப்ரானோக்களுக்கே போகும். லெந்து நாட்களில் சங்கீதம் கூடும்போது டெனர்கள் இவரோடு நகரத் தொடங்குவார்கள், ஈஸ்டருக்குள் பேஸும் சேரும். ஐந்து வருடத்தில் ஹட்டன், நுவரெலியாக் குழுக்களின் சங்கீதப் புத்தகங்களில் நெடில் பார்த்துப் போட்ட பென்சில் கோடுகள் இருக்கும். கொழும்பு அதைப் பிரதி கேட்கும்.

பாடகர் குழுத் தலைவர்களே, ஒத்திகையில் அவரை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஆர்கனை அவரோடு நகரச் சொல்லுங்கள்.