இசைத்தட்டும் இசைத் திறனாய்வும்

ஒரு கலை முன்னே தோன்ற, அதனை ஆராயும் நூல் பின்னே தோன்றும் என்பது தமிழ் மரபு நன்கறிந்த உண்மை. எனினும், கலைக்கும் திறனாய்வுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று நிற்பதுண்டு. கலையைச் சுமந்து செல்லும் பொருளே அது. ஓலையேடு அச்சுநூலாக மாறியபோது படிப்போர் தொகை பெருகியதோடு படிக்கும் முறையும் மாறிற்று. அமெரிக்காவில் 1960களில் எழுந்த றொக் இசைத் திறனாய்வின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அத்திறனாய்வு இசைத்தட்டோடு வளர்ந்தது. இசைத்தட்டு வாணிகம் நிலைகுலைந்தபோது தானும் தளர்ந்தது. அவ்வாணிகத்தோடு அதுவும் மறைந்துபோதல் தக்கதோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டு ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையையே தாங்கவல்லது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுநேர இசைத்தட்டோ ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட இசையைத் தாங்கியது. 1960களின் நடுப்பகுதியில் றொக் கலைஞர் இதன் இயல்பை உணர்ந்து பயன்படுத்தத் தொடங்கினர். தனிப்பாடல்களாக நின்றவை தொடர்நிலைச் செய்யுள் போல ஒன்றோடொன்று இயைந்து நின்றன. பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ற் பெப்பர்ஸ்’ தொகுப்பு 1967 இல் வெளிவந்தபோது, அதன் உறையிலே பாடல் வரிகள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. கேட்டற்குரிய இசைத்தட்டு படித்தற்குரிய பனுவலாகவும் ஆயிற்று. பனுவல் உண்டாயின் உரை உண்டாதல் இயல்பே.

அதுகாறும் இவ்விசை பற்றிய எழுத்துப் பெரும்பாலும் விற்பனைச் செய்தியாகவோ பாடகர் புகழுரையாகவோ இருந்தது. சுவார்த்மோர் கல்லூரியில் மாணவராயிருந்த பௌல் வில்லியம்ஸ் என்பார் 1966 இல் ‘குறோடாடி’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, இவ்விசையையும் ஆழ்ந்து சிந்தித்தற்குரிய பொருளாகக் கொண்டார். 1967 இல் சான் பிரான்சிஸ்கோவில் யான் வெனரும் றால்வ் கிளீசனும் ‘றோலிங் ஸ்ரோன்’ பத்திரிகையை நிறுவினர். 1968 இல் எலன் வில்லிஸ் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையின் முதலாவது றொக் இசைத் திறனாய்வாளராக எழுதத் தொடங்கினார்.

இத்துறையில் இரு போக்குக்கள் விரைவிலே தெளிவாயின. ஒன்று விலைமதிப்பு, மற்றையது பொருள்விளக்கம். 1969 இல் றொபேட் கிறிஸ்கௌ ‘விலேஜ் வொய்ஸ்’ பத்திரிகையிலே ‘நுகர்வோர் வழிகாட்டி’ என்னும் பகுதியைத் தொடங்கினார். ஆசிரியர் விடைத்தாளுக்கு இடுவது போல ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்துத் தரம் இட்டு, சில வரிகளில் அதன் குணங்குற்றங்களைக் கூறினார். காசு கொடுத்து வாங்கியபின் ஏமாற்றமடையக்கூடிய இளைஞனுக்கு அஃது உற்ற துணையாயிற்று. மறுபுறம், கிறீல் மார்க்கஸ் 1975 இல் வெளியிட்ட ‘மிஸ்ரறி றெயின்’ என்னும் நூல், றொபேட் ஜோன்சன், எல்விஸ் பிறஸ்லி முதலியோரின் இசையில் அமெரிக்க நாட்டின் கனவையும் அச்சத்தையும் தேடிக் கண்டது. எலன் வில்லிஸின் நோக்கு இவ்விரண்டினும் நுண்ணியது. ஆண் பாடகரின் வரிகளிற் பெண்ணை இகழுங் கருத்து இருப்பதை அவர் மறைத்தாரல்லர். அவ்விசையின் துணிவான வடிவம் தம் விடுதலை வேட்கையைத் தூண்டியதையும் மறுத்தாரல்லர். பொருளும் வடிவும் முரணி நிற்கும் இடத்தைக் கண்டு, அம்முரணை மழுப்பாது எழுதுவதே திறனாய்வின் முதிர்ச்சி எனலாம்.

இனி, வாணிகத்தோடு இத்திறனாய்வு கொண்ட உறவும் நோக்கற்பாலது. இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரம் இச்சஞ்சிகைகளுக்குப் பெரு வருவாயாயிற்று. 1974 இல் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனை வியந்து எழுதிய திறனாய்வாளர் ஜோன் லன்டோ, அடுத்த ஆண்டிலே அவருடைய தட்டின் தயாரிப்பாளருள் ஒருவராகவும் பின்னர் அவருக்கு முகாமையாளராகவும் ஆயினார். அவருடைய முதற் பாராட்டு உண்மையானதே எனக் கொள்ளினும், மதிப்பிடுவோன் இடமும் விற்போன் இடமும் எத்துணை அண்மையில் இருந்தன என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். ஆயினும் திறனாய்வு வாணிகத்தின் ஏவலாள் என்று முடிபு கட்டுதல் பிழையாகும். 1969 இல் லெட் செப்பலின் குழுவின் முதற்றட்டை ‘றோலிங் ஸ்ரோன்’ கண்டித்தது. அத்தட்டோ பெருந்தொகையாய் விற்பனையாயிற்று. 1967 இல் வெளிவந்த வெல்வெற் அண்டகிறவுண்ட் குழுவின் முதற்றட்டு அக்காலத்தில் மிகக் குறைவாகவே விற்பனையாயிற்று; திறனாய்வாளர் சிலர் விடாது எழுதிவந்தமையும் அது பிற்றை நாளிற் போற்றப்படுதற்கு ஒரு காரணமாயிற்று. சந்தை மறந்ததை நினைவில் வைத்திருத்தலும் திறனாய்வின் கடனே.

1999 இல் அமெரிக்க இசைப்பதிவு வாணிகத்தின் வருவாய் ஏறத்தாழ 1,460 கோடி டொலராக உயர்ந்தது. அவ்வாண்டிலேதான் இணையவழி இசையைக் கட்டணமின்றிப் பரிமாற வழிசெய்த ‘நப்ஸ்ரர்’ தோன்றியது. நீதிமன்ற ஆணையால் அது 2001 இல் ஓய்ந்தபோதிலும், பழைய ஒழுங்கு மீளவில்லை. 2003 இல் அப்பிள் நிறுவனம் பாடலொன்றை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கவே, தொகுப்பு மீண்டும் தனிப்பாடல்களாகச் சிதறியது. 2014 ஆம் ஆண்டளவில் மேற்கூறிய வருவாய் பாதிக்கும் குறைந்தது. 2008 இல் சுவீடனிலே சேவையைத் தொடங்கிய ‘ஸ்பொற்றிபை’ போன்றவை, மாதக் கட்டணத்துக்கு உலகின் பெரும்பாலான இசைப்பதிவுகளை ஒருங்கே வழங்கலாயின. வாணிகம் பின்னர் மீண்டும் வளர்ந்தது. திறனாய்வுச் சஞ்சிகைகளுக்கோ அவ்வாழ்வு கிட்டவில்லை. 1996 இல் தோன்றிப் பத்துக்கு எத்தனை என்று பதின்மக் கணக்கிற் புள்ளியிட்டுப் புகழ்பெற்ற ‘பிற்ச்போர்க்’ என்னும் இணைய இதழ், 2015 இற் பெரிய வெளியீட்டு நிறுவனமொன்றின் உடைமையாகி, 2024 இல் ஆடவர்க்குரிய சஞ்சிகையொன்றின்கீழ் அடக்கப்பட்டது.

கேட்டுப் பார்க்கப் பணம் வேண்டாத காலத்தில் திறனாய்வாளன் எதற்கு என்று வினவுவோர் உளர். விலைமதிப்பே அவன் தொழிலாயின் அவ்வினாவுக்கு விடையில்லை. ஆனால் முன் கேட்டதை ஒத்ததையே அடுத்துத் தரும் கணிப்பொறி, ஒருவன் சுவையை அவனுக்கே திருப்பிக் காட்டும் கண்ணாடியாகும். இஃது ஏன் நன்று, இஃது ஏன் தீது என அது காரணங் கூறுவதில்லை. காரணங் கூறுதலே திறனாய்வின் உயிர். 2004 இல் கெலிபா சானே, ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில், றொக் இசையின் அளவுகோலால் ஏனைய இசைகளை அளத்தல் முறையன்று என்று வாதிட்டார். அதனால் திறனாய்வின் எல்லை விரிந்தமை நன்மையே. எனினும், யாவற்றையும் விரும்பிக் கேட்டல் வேறு, யாவற்றையும் புகழ்தல் வேறு. குற்றங் கூற அஞ்சும் திறனாய்வு மீண்டும் விற்பனைச் செய்தியாகவே முடியும்.

தட்டு மாறும்; கடை மாறும்; விலையும் மாறும். ஒருவன் தான் கேட்டதைப் பிறன் இன்னும் நன்றாகக் கேட்கும்படி எடுத்துரைக்கும் பணி மாறாது. அப்பணியை மறவாத எழுத்து, ஊதியம் குறைந்த இக்காலத்திலும் வாழும்.